மரமேறுவோரும் அவர்தம் கூலியும்

ஆனி மாத இறுதியில் புதுடில்லியில் முதல் மழை விழுந்ததும், அசோகா சாலையிலும் இந்தியா கேட்டைச் சூழ்ந்த வெளிகளிலும் நாவல் மரங்களின் அடியில் ஒரு காட்சியைக் காணலாம். நால்வர் ஒரு பெரிய துணியின் நான்கு முனைகளையும் இழுத்துப் பிடித்து அண்ணாந்து நிற்பர். ஐந்தாமவர் மரத்தின்மேல் இலைகளுக்கிடையே பாதி மறைந்து நின்று, கிளையை உலுக்குவார். பழம் மழைபோல் துணியில் விழும். நடைபாதை ஓரத்தில் அமர்ந்த பெண்கள் அதனைத் தரம் பிரித்துக் கூடைகளில் குவிப்பர். தலைநகரில் வாழும் தமிழர்களாகிய நாமும் அவ்வழியே செல்லும்பொழுது, ஊரின் நினைவு எழ, விலை பேசி ஒரு பொட்டலம் வாங்கி, உப்புத் தூவி உண்டு, நாக்கு நீலமாகி வீடு திரும்புகிறோம். பழத்தின் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மேலே நின்ற மனிதரின் கூலியை நாம் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியையே இன்று நாம் ஆராய எடுத்துக்கொள்கிறோம். மரம் ஏறுதல் மிகப் பழைய தொழில். அத்தொழிலுக்கு எக்காலத்தில் எவ்வாறு ஊதியம் கணக்கிடப்பட்டது என்னும் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஏறியவர்க்குப் பழத்தின் எடையைக் கொண்டோ, கருப்பட்டியின் எடையைக் கொண்டோ, மரத்தின் சுற்றளவைக் கொண்டோ, கழிந்த நாளைக் கொண்டோ பணம் கொடுக்கப்பட்டது. ஏறிய உயரமும், அவ்வுயரத்தில் வேண்டிய திறமையும், அங்கிருந்து விழ நேரும் ஆபத்தும் கூலிக் கணக்கில் பெரும்பாலும் ஏறவேயில்லை. நமது தென்பாண்டிப் பனங்காட்டிலும் இதுவே நிகழ்ந்தது. புதுடில்லியின் அகன்ற சாலைகளிலும் இதுவே நிகழ்ந்தது. இரண்டையும் முறையாகக் காண்போம்.

முதலில் நம் ஊர்ப் பனையை நோக்குவோம். திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளின் செம்மண் தேரிகளில் வேறு பயிர் வாடும் இடத்திலும் பனை நிமிர்ந்து நிற்கும். பதநீர்க் காலம் ஏறத்தாழ மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை நீளும். அந்நாட்களில் பனையேறி விடியுமுன் எழுவார். கால்களில் தளைநாரை மாட்டி, மார்பில் தோல் கட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டியைத் தொங்கவிட்டு மரத்தைத் தழுவி ஏறுவார். உச்சியில் இளம்பாளையைக் கடிப்பினால் நசுக்கிப் பதப்படுத்தி, பின்னர் நாள்தோறும் பாளை அரிவாளால் நுனியை மெல்லிதாகச் சீவுவார். சீவிய இடத்திலிருந்து ஊறும் நீர் கலயத்தில் சொட்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது இனிய பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகும். ஒரு நாள் சீவத் தவறினால் பாளையின் வாய் காய்ந்து ஊற்று குன்றிவிடும். ஆகவே இத்தொழிலில் பருவம் முடியும்வரை ஓய்வுநாள் என்பது இல்லை.

ஒருவர் நாளொன்றுக்கு முப்பது மரம் ஏறுகிறார் என்றும், மரம் ஐம்பது அடி உயரம் என்றும், காலையும் மாலையும் ஏறுகிறார் என்றும் கொள்வோம். ஏற்றம் மட்டும் 3,000 அடி ஆகிறது; இறக்கம் மற்றொரு 3,000 அடி. டில்லியில் வாழும் நாம் நன்கறிந்த குதுப்மினாரின் உயரம் ஏறத்தாழ 238 அடி. எனவே பனையேறி ஒரே நாளில் பன்னிரண்டு முறை குதுப்மினாரை ஏறி இறங்கியவர் ஆகிறார். அதுவும் படிக்கட்டு இன்றி, கையாலும் காலாலும் மட்டுமே. இந்த எண்ணிக்கை மிகையன்று. ஐம்பது மரம் வரை ஏறிய வலியவர்களும் உண்டு.

இவ்வுழைப்பு அவரோடு முடிவதில்லை. பருவகாலத்தில் பனங்காட்டிலேயே ஓலையால் விடிலி கட்டிக் குடும்பம் அங்கே குடியேறும். இறக்கிய பதநீரைப் பெண்கள் பெருஞ்சட்டியில் ஊற்றி, விறகு பொறுக்கி வந்து, புகையிலும் அனலிலும் நின்று மணிக்கணக்கில் காய்ச்சுவர். பதம் வந்ததும் சிரட்டைகளில் வார்த்தால் கருப்பட்டி ஆகும். கணவர் உச்சியில் படும் பாட்டில் பாதியை மனைவி அடுப்படியில் படுகிறார். 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்து பணியாற்றிய கால்டுவெல், பனையேறிகளின் வாழ்க்கையைக் குறித்து 1849ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அம்மக்களைப்பற்றி அவர் கூறியவற்றுள் பல பிற்காலத்தில் அச்சமுதாயத்தாராலேயே வன்மையாக மறுக்கப்பட்டன. எனினும், இத்தொழிலின் கடுமையை வெளியுலகம் எழுத்தில் கண்ட தொடக்கங்களுள் அந்நூலும் ஒன்று.

இத்துணை உழைப்புக்கும் ஊதியம் எவ்வாறு அமைந்தது? சொந்த மரம் உடையவர் சிலரே. ஏனையோர் மரத்தைப் பருவத்துக்குக் குத்தகையாகவோ, விளைவில் பங்கு தருவதாகவோ பெற்றனர். குத்தகையானால் பணத்தை முன்னரே செலுத்த வேண்டும். அப்பணத்துக்காக வியாபாரியிடம் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கிய முன்பணத்தைக் கருப்பட்டியாகவே திருப்ப வேண்டும். அக்கருப்பட்டியின் விலையையோ முன்பணம் கொடுத்தவரே வைப்பார். இவ்வாறு, மேலே ஏறுபவரின் ஒரு நாள் உழைப்பின் மதிப்பு, அவர் மரத்திலிருந்து இறங்குமுன்பே கீழே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. மழை பெய்து பதநீர் கெட்டாலும் இழப்பு அவருடையதே. காற்றில் தளைநார் நழுவி அவர் விழுந்தாலும் இழப்பு அவருடையதே.

மதுவிலக்கு வந்தபொழுது இத்தொழில் மற்றொரு சோதனைக்கு உள்ளாயிற்று. சென்னை மாகாணத்தில் 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. கள் இறக்குதல் குற்றமாயிற்று. பதநீர் இறக்க உரிமம் பெற வேண்டியதாயிற்று. கள்ளையும் பதநீரையும் பிரிப்பது கலயத்தில் பூசிய சுண்ணாம்பு ஒன்றே. எனவே, ஐம்பது அடி உயரத்தில் தொங்கும் மண்கலயத்தின் உட்புறமே சட்டத்தின் எல்லைக்கோடு ஆயிற்று. மதுவின் தீமையை ஒழிக்க எண்ணியோர் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால், அச்சட்டத்தின் பாரம் நாள்தோறும் மரம் ஏறிப் பிழைத்தவர்மேல் விழுந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. கதர், கிராமத் தொழில் இயக்கத்தார் பனைவெல்லத் தொழிலையும் கூட்டுறவையும் ஊக்குவித்து இப்பாரத்தை ஓரளவு தாங்க முயன்றனர்.

விழுந்தவருக்கு ஈடு என்ன? இவ்விடத்தில் ஒரு சட்டத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு, 1924 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் ஏற்படும் விபத்துக்கு முதலாளி ஈடு செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. யார் யார் அச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுவர் என்பதை விளக்கும் அட்டவணை ஒன்று அதனுடன் உண்டு. பின்னாளில் விரிவுபெற்ற அந்த அட்டவணையில், பனைமரங்களில் சாறு இறக்குவோரும், மரங்களை வெட்டிச் சாய்ப்போரும் ஒரே வரியில் சேர்த்து எண்ணப்பட்டுள்ளனர். தென்னாட்டுப் பனையேறியையும், வடநாட்டு நகரில் கிளை வெட்டுபவரையும் ஒரு கூரையின்கீழ் நிறுத்திய வரி அது.

ஆயினும், ஈடு கேட்பதற்கு முதலாளி ஒருவர் இருத்தல் வேண்டுமே! பனையேறியோ குத்தகைதாரர். சட்டத்தின் கண்ணில் அவர் தமக்குத் தாமே முதலாளி. மரத்தின் சொந்தக்காரர் தாம் மரத்தை மட்டுமே கொடுத்ததாகச் சொல்வார். வியாபாரி தாம் கடன் மட்டுமே கொடுத்ததாகச் சொல்வார். சட்டம் பெயர் சொல்லி அழைத்தும், பனையேறிகளிற் பெரும்பாலோர் அதன் வாயிலுக்குள் நுழைய இயலவில்லை. இக்குறையை ஓரளவு நீக்கும் முயற்சியாகத் தமிழ்நாட்டில் பனைமரத் தொழிலாளர்க்கென நல வாரியம் 2006இல் அமைக்கப்பட்டது. முதலாளி இல்லாதவருக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் கருத்து அதில் வெளிப்பட்டது. சட்டம் பிறந்ததற்கும் வாரியம் அமைந்ததற்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்குமேல் கழிந்தன.

இனித் தலைநகருக்கு வருவோம். 1911 டிசம்பரில் நடந்த தர்பாரில் இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. 1931 பிப்ரவரியில் புதுடில்லி முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கட்டடங்கள் எழுந்ததைப் போலவே மரங்களும் நடப்பட்டன. ஹுமாயூன் சமாதிக்கு அருகே இன்று சுந்தர் நர்சரி என வழங்கும் இடத்தில் கன்றுகள் வளர்க்கப்பட்டன. மஸ்டோ என்னும் தோட்டக்கலை வல்லுநரின் மேற்பார்வையில், சாலைக்கு ஓர் இனமாக மரங்கள் தேர்ந்து வைக்கப்பட்டன. அசோகா சாலையில் நாவல், ஜன்பத்தில் மருது, அக்பர் சாலையில் புளி, லோதி சாலையில் வேம்பு என நம் ஊர்ப் பெயர்களாலேயே அவற்றை நாம் எண்ணலாம். லோதி சாலைப் பகுதியில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வேப்பம்பூ தேடி அலையும் துன்பம் இருந்ததில்லை. சித்திரைப் பிறப்பன்று பச்சடிக்கு வேண்டியது வாயிலிலேயே கிடைத்தது.

நட்ட மரம் தானே வளரும். ஆனால் நகரத்து மரம் தானே நிற்க முடியாது. மின்கம்பியைத் தொடும் கிளையை நீக்க வேண்டும். காய்ந்த கொம்பை, அது வழிப்போக்கர் தலைமேல் விழுமுன், அகற்ற வேண்டும். வைகாசியில் டில்லியைத் தாக்கும் 'ஆந்தி' என்னும் புழுதிப்புயலுக்குப் பின் முறிந்து தொங்குவனவற்றை இறக்க வேண்டும். நாவற்பழம் பழுத்தால் பறிக்க வேண்டும். ஏணியும் இயந்திர ஊர்தியும் எட்டும் இடம் சில. எட்டாத இடத்துக்கு ஒரு மனிதரே ஏற வேண்டும். மரங்களை நட்டவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அவற்றின்மேல் ஏறிக் காத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் தினக்கூலிப் பட்டியல்களோடு போயின.

இவர்களுக்குக் கூலி மூன்று வழிகளில் வந்தது. முதல் வழி பழக் குத்தகை. சாலை மரங்களின் பழத்தைப் பறிக்கும் உரிமை பருவந்தோறும் ஏலம் விடப்படும். ஏலம் எடுத்தவர் ஆட்களை அமர்த்துவார். அண்டை மாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்கள் மரத்தடியிலேயே தங்கி, இரவும் பகலும் காவல் காத்துப் பழம் பறிக்கும். நம் விடிலியின் மறுவடிவத்தை இங்கே காண்கிறோம். முருங்கைக் கிளையை நம்பாதே என்று நம் ஊரில் சொல்வதுபோல, நாவற்கிளையும் எளிதில் முறிவது. மழையில் நனைந்த அக்கிளையில் நின்றே பழத்தை உலுக்க வேண்டும். பழம் குறைந்தால் வருமானம் குறையும். கிளை முறிந்தால் யாவும் போகும்.

இரண்டாவது வழி மரக் கணக்கு. மத்தியப் பொதுப்பணித் துறை தன் ஒப்பந்த வேலைகளுக்கு 'டில்லி விலைப்பட்டியல்' ஒன்றை வகுத்துள்ளது. அதில் மரம் வெட்டுவதற்கு விலை எவ்வாறு வைக்கப்படுகிறது என்பதைக் காண்போர் வியப்படைவர். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளக்க வேண்டும். 30 முதல் 60 சென்டிமீட்டர் ஒரு விலை. 60 முதல் 120 வரை ஒரு விலை. 120 முதல் 240 வரை ஒரு விலை. அதற்குமேல் ஒரு விலை. அளக்க எளிய முறை. பொறியாளருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் வழக்கு நேராத முறை. ஆனால், ஒரே சுற்றளவுள்ள இரண்டு மரங்களில் ஒன்று வெட்ட வெளியில் குட்டையாக நிற்கலாம். மற்றொன்று வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் இடையில் உளுத்து உயர்ந்து நிற்கலாம். இரண்டுக்கும் விலை ஒன்றே. தரையில் நிற்பவர் நாடாவைக் கொண்டு அளக்கும் இடத்தில் விலை முடிந்துவிடுகிறது. மேலே ஏறுபவருக்கு ஆபத்து அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

மூன்றாவது வழி நாட்கூலி. 1948இல் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நாட்கூலிக்கு ஓர் அடித்தளத்தை வகுத்தது. அடித்தளம் சட்டத்தில் இருந்தாலும் தொழிலாளியின் கையில் வந்து சேர்ந்ததா என்பதை டில்லியிலேயே எழுந்த ஒரு வழக்கு உலகறியச் செய்தது. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக மைதானங்களும் மேம்பாலங்களும் எழுப்பப்பட்டன. அங்கு வேலை செய்தோருக்குக் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆட்களைக் கொண்டுவந்த ஜமேதார்கள் ஒரு ரூபாயைத் தம் பங்காகப் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தனர். மக்கள் சனநாயக உரிமைக் கழகம் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்த உச்ச நீதிமன்றம், 1982 செப்டம்பர் 18ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. வறுமையின் நெருக்கடியால் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக உழைக்க ஒப்புவாராயின், அது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே ஆகும் என்று நீதிமன்றம் கூறியது. ஒப்பந்தக்காரரைக் காட்டி அரசு தன் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள இயலாது என்பதும் அத்தீர்ப்பின் கருத்து. அவ்வழக்கில் மரமேறுவோர் இல்லை. எனினும் ஒப்பந்தக்காரரின்கீழ் மரம் ஏறுபவருக்கும் அந்த நிழல் உண்டு.

ஆனால் நிரந்தர வேலை என்னும் கனி இவர்களுக்கு எட்டவில்லை. டில்லியில் வேலைவாய்ப்புத் திட்டங்களின்கீழ் தினக்கூலிக்கு அமர்த்தப்பட்ட தோட்டக்கலைத் தொழிலாளரின் சங்கம், தம்மை நிரந்தரமாக்க வேண்டுமென வழக்குத் தொடுத்தது. அத்திட்டங்கள் வேலையற்ற ஏழைகளுக்கு வருவாய் பகிர்ந்தளிப்பதற்கே ஏற்பட்டவை; அவற்றைக் கொண்டு நிரந்தரப் பதவி கோர இயலாது என 1992 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மரம் நிரந்தரமாக நிற்கிறது; அதைப் பேணும் வேலையும் ஆண்டுதோறும் நிற்காமல் நடக்கிறது; வேலை செய்பவர் மட்டும் நாளைக்கு நாள் புதியவராக எண்ணப்பட்டார்.

முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், யமுனைக்கு அப்பால் டில்லியை ஒட்டியுள்ள காஜியாபாத்திலிருந்து மற்றொரு வழக்கு அந்நீதிமன்றத்தை அடைந்தது. அந்நகராட்சியின் தோட்டக்கலைப் பிரிவில் 1998, 1999 முதல் மரம் நட்டும் பூங்காக்களைப் பேணியும் வந்த தோட்டக்காரர்கள், 2005ஆம் ஆண்டின் நடுவில் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டிருந்தனர். 2025 சனவரி 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்நீக்கம் சட்டத்துக்கு மாறானது எனக் கண்டு, அவர்களை மீண்டும் வேலையில் சேர்க்கவும், பாக்கி ஊதியத்தில் பாதியைக் கொடுக்கவும், நிரந்தரமாக்கும் முயற்சியைத் தொடங்கவும் ஆணையிட்டது. ஆண்டு முழுதும் நடைபெறும் இன்றியமையாத பணியைத் தற்காலிகம் என்னும் பெயரில் நெடுங்காலம் நடத்துதல் முறையன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். நீதி கிடைத்தது, ஆனால் அதற்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. மரம் ஏறும் உடலுக்கு இருபது ஆண்டுகள் என்பது தொழில் வாழ்வு முழுமையும் ஆகும்.

இன்றைய கூலியின் அளவையும் எண்ணால் பார்ப்போம். டில்லி அரசு 2025 ஏப்ரல் முதல் அறிவித்த குறைந்தபட்ச மாத ஊதியம், திறன் வேண்டாத வேலைக்கு 18,456 ரூபாய். ஓரளவு திறன் வேண்டும் வேலைக்கு 20,371 ரூபாய். திறன்மிகு வேலைக்கு 22,411 ரூபாய். முதலதற்கும் கடைசியதற்கும் உள்ள வேறுபாடு மாதத்துக்கு 3,955 ரூபாய். அறுபது அடி உயரத்தில் ஒரு கையால் கிளையைப் பற்றி, மறு கையால் அரிவாள் ஓச்சி, வெட்டுண்ட கொம்பு எப்பக்கம் சாயும் என முன்னரே கணித்து வேலை செய்பவர் இம்மூன்றில் எவ்வகையினர்? அறிவுடையோர் எவரும் முதல்வகை என்று கூறமாட்டார். ஆனால், மண்வெட்டி பிடிக்கும் 'பேல்தார்' என்ற பெயரில் ஒருவரை வேலைக்குப் பதிந்துகொண்டு மரத்தில் ஏற்றினால், அவர் தரையில் மண் அள்ளுபவரின் கூலியையே பெறுவார். மரமேறுபவரின் கூலி உரிமைக்கான போராட்டம் பெரும்பாலும் இந்த ஒரு பெயரைச் சுற்றியே அமைகிறது.

பெயர் தவறினால் இழப்பு மாதக் கூலியோடு நிற்பதில்லை. முன்பு கூறிய நட்டஈட்டுச் சட்டத்தில், வேலையின்போது இறந்தவர் குடும்பத்துக்குரிய ஈடு அவருடைய மாத ஊதியத்திலிருந்தே கணக்கிடப்படும். மாத ஊதியத்தில் பாதியை எடுத்து, அவருடைய வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அவ்வெண் 207.98. 2020 சனவரியிலிருந்து கணக்கிற்குரிய ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். அவ்வரம்பின்படி கணக்கிட்டால் ஈடு 15,59,850 ரூபாய் ஆகும். அதே மனிதரின் ஊதியம் ஏட்டில் 8,000 ரூபாய் என எழுதப்பட்டிருந்தால் ஈடு 8,31,920 ரூபாய்தான். ஏட்டில் பெயரே இல்லாவிட்டால் அவர் அங்கு வேலை செய்தார் என்பதையே குடும்பம் முதலில் மெய்ப்பிக்க வேண்டும். இச்சட்டமும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுள் அடங்கியுள்ளன. சட்டத்தின் பெயர் மாறினாலும் ஏட்டில் பெயரும் ஊதியமும் சரியாகப் பதியப்பட வேண்டும் என்ற தேவை மாறவில்லை.

மரத்தைக் காக்கும் சட்டத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். டில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டர் குறுக்களவும், ஒரு மீட்டர் உயரமும் உடைய மரம்கூட அதன் பாதுகாப்புக்குள் வரும். அனுமதியின்றி வெட்டினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நன்று, இத்தகைய சட்டம் வேண்டும். அம்மரத்தின்மேல் ஏறுபவர் கயிறு அணிந்தாரா, தலைக்கவசம் அணிந்தாரா, அவருக்குக் கீழே உதவிக்கு ஆள் நின்றாரா என்பதையும் அதே கண்டிப்போடு கேட்டால் இன்னும் நன்று.

மரத்தின் நலமும் ஏறுபவர் நலமும் உண்மையில் ஒன்றே. டில்லியில் பல மரங்களின் அடியைச் சுற்றிச் சிமெண்டும் ஓடும் பதித்து மூடினர். நீரும் காற்றும் செல்லாமல் வேர் நலிந்தது. வேர் நலிந்த மரத்தின் கிளை காய்ந்தது. காய்ந்த கிளையை வெட்ட ஆள் ஏறினார். அவர் காலடியில் இருந்த கிளையும் நலிந்ததே. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்ற வேண்டுமெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. அவ்வாணையை நிறைவேற்றும் இடந்தோறும் ஒரு மரத்துக்கும் ஒரு மனிதருக்கும் சேர்த்தே நன்மை விளைகிறது.

பிற நாடுகளில் இத்தொழில் எவ்வாறு மதிப்புப் பெற்றது என்பதையும் சுருக்கமாகக் காண்போம். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் குடியேறிய ஜான் டேவி என்பார், 1901இல் மர மருத்துவர் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். மரத்துக்கும் நோய் உண்டு, சிகிச்சை உண்டு, அச்சிகிச்சையைக் கற்றுத் தேர்ந்தவரே செய்ய வேண்டும் என்னும் எண்ணம் பரவியது. கயிறும் இடுப்புக் கச்சும் அணிந்து ஏறும் முறை, மேலே ஒருவர் மயங்கினால் அவரை இறக்கப் பயிற்சி பெற்ற மற்றொருவர் கீழே நிற்கும் வழக்கம் ஆகியவை அந்நாடுகளில் படிப்படியாக நிலைபெற்றன. கூலிக்காரர் என்று இருந்தவர் மர மருத்துவர் என்று அழைக்கப்பட்டபின் அவர் ஊதியமும் அதற்கேற்ப உயர்ந்தது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கேரளத்தில் தென்னை ஏற ஆள் கிடைப்பது அரிதானபொழுது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. இளைஞர்களுக்கு ஏறும் கருவியும், சில நாள் பயிற்சியும், விபத்துக் காப்பீடும் அளிக்கப்பட்டன. பெண்களும் கற்றுத் தென்னை ஏறினர். பிறவியாலும் குலத்தாலும் ஒட்டியதாகக் கருதப்பட்ட வேலை, கற்றுக்கொள்ளத் தக்க கலையாகக் கருதப்படலாயிற்று. ஏறுபவர் அருகியபின் அவருக்கு மதிப்பு வந்தது. நிறையப் பேர் இருந்த காலத்தில் அம்மதிப்பைக் கொடாதது நம் சமூகத்தின் குறையே.

ஊரைவிட்டு வந்து வெளிமாநிலங்களில் வாழும் நம்மிற் பலருடைய பாட்டனார் பனையேறிகளாக இருந்திருக்கலாம். பிள்ளையின் காலில் தளைநார் படக்கூடாது என்று கருப்பட்டி விற்ற காசில் படிக்க வைத்தோர் அவர். அப்படிப்பின் பயனாகவே நாம் டில்லியின் அலுவலகங்களில் நிழலில் அமர்ந்திருக்கிறோம். அந்நிழலைத் தரும் வேம்பின்மேல் இன்று வேறொரு மாநிலத்தின் மைந்தர் ஏறுகிறார். அவருடைய மொழி நமக்குப் புதிது. அவர் உள்ளங்கையின் காய்ப்பு நமக்குப் புதிதன்று.

ஆகவே, நம் குடியிருப்புச் சங்கங்கள் மரக்கிளை வெட்ட ஒப்பந்தம் பேசும்பொழுது, தொகையை மட்டும் பேசி முடித்தல் போதாது. மர அதிகாரியின் அனுமதி உள்ளதா என்று கேட்பதோடு, ஏறுபவர் யார், அவருடைய கூலி எந்த வகையில் பதியப்பட்டுள்ளது, கயிறும் கச்சும் உள்ளனவா, மின்சாரம் நிறுத்தப்பட்டதா, கீழே ஒருவர் நிற்கிறாரா, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் கேட்போம். இக்கேள்விகளால் ஒப்பந்தத் தொகை சில நூறு ரூபாய் கூடலாம். இதுகாறும் அத்தொகை கூடாமல் இருந்ததற்குக் காரணம், அதனை ஏறுபவரே தம் உடலால் செலுத்தி வந்ததுதான்.

அடுத்த ஆனியிலும் நாவல் பழுக்கும். துணி விரித்து நால்வர் நிற்பர். ஐந்தாமவர் மேலே இருப்பார். பழம் வாங்கும்பொழுது, அவர் இறங்கி வரும்வரை நாம் சிறிது நின்று, பழத்தின் விலையோடு அவருடைய கூலியையும் கேட்டுத் தெரிந்துகொள்வோமாக.